வாதத்திற்கு மருந்து

வாதத்திற்கு மருந்துண்டு, பிடிவாதத்திற்கு மருந்தில்லை என்று எமது ஊரிற் சொல்வார்கள். இப்பழமொழியின் முற்பகுதி எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராயவேண்டிய நிலை நமக்கு 2019ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஏற்பட்டது. பிற்பகுதியை நிரூபிக்க வேறு சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்று, உயர்தர மாணவருக்கு இலக்கியம் போதிக்கும் நாமே அதற்குப் போதிய சாட்சியாயினோம்.

நோயாளி நமது தாயார். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத் தோட்டங்களிற் கூலி வேலை செய்தவர். நமக்கு ஏழு வயதாயிருக்கும்போது தந்தையார் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு, 1995 ஒக்டோபர் முடிவில், வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நம்மை இடுப்பிற் சுமந்து நடந்தவரும் அவரே. ஊர் திரும்பியபின் அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். பிறருடைய தோட்டத்தில் விதை வெங்காயத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பற்றி ஈரப்பாத்தியில் ஊன்றுவது, பின் குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவது, பயிர் முற்றியதும் கிண்டி எடுத்துப் பிடி பிடியாகக் கட்டுவது. காலை ஏழு மணிக்குக் குந்தினால் வெயில் உச்சிக்கு வரும்வரை எழும்ப முடியாது. பாத்தியோடு பாத்தியாகக் குந்தியபடியே நகர வேண்டும். அதே தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த ஆணுக்குக் கிடைத்த கூலி அவருக்கு எக்காலத்திலும் கிடைத்ததில்லை. பெண்களின் வேலை இலேசானது என்பது தோட்டக்காரர் எல்லாரும் ஒருமுகமாக ஏற்றுக்கொண்ட சித்தாந்தம். அந்த இலேசான வேலையின் ஊதியத்திலேதான் நமது பல்கலைக்கழகப் படிப்பு நடந்தது.

மூட்டுநோ எமது வீட்டுக்கு முதன்முதலாக வந்தது 2006ஆம் ஆண்டின் இறுதியில். சிக்குன்குனியா என்ற பெயரை அப்பொழுதுதான் குடாநாடு கேள்விப்பட்டது. நுளம்பினாற் பரவும் இக்காய்ச்சல் 1952இல் தங்கனீக்காவில் இனங்காணப்பட்டதென்றும், அங்குள்ள மக்கொண்டே மக்களின் மொழியில் அப்பெயர் வளைந்துபோவதைக் குறிக்குமென்றும் பின்னாளிற் படித்தோம். நோயைக் கண்டவர் எவரும் அந்த மொழிக்குச் சொல்வளமில்லை என்று குறைகூறமாட்டார். கிராமமே கூனிக்குறுகி நடந்தது. ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 பாதை மூடப்பட்டிருந்தமையால் அரிசி முதல் காய்ச்சற் குளிசை வரை எல்லாவற்றிற்கும் தட்டுப்பாடு. தாயார் இரண்டு கிழமை பாயிற் கிடந்தார். பின்னும் சில மாதங்கள் மூட்டுகளைப் பிடித்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனார். பிறகு அது தானாகவே விட்டது. விட்டுப்போனது என்பதுதான் பின்னர் நம்மை ஏமாற்றியது.

ஏனெனில், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய விரல் மொழிகள் வீங்கத் தொடங்கியபோது, பழைய காய்ச்சலின் மிச்சம் மாரிக் குளிருக்குக் கிளம்பியிருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்; நாமும் நம்பினோம். காலையில் எழுந்தால் இரு கைகளையும் மடக்க முடியாது. தேநீர்க் கோப்பையை உள்ளங்கைகளால் அணைத்தே தூக்குவார். ஒன்பது, பத்து மணிக்குமேல் விரல்கள் சற்று இளகும். “வெயில் ஏற எல்லாம் சரியாப் போகுது தம்பி, வாதந்தான்” என்பார். காலை இறுக்கம், இரு கையிலும் ஒரே மூட்டுகளில் வீக்கம், மணிக்கணக்கான இளக்கம்: நோயின் முழுக் கதையும் அந்த வாக்கியத்தில் இருந்தது. கேட்பதற்கு நமக்குக் காதுதான் இருக்கவில்லை.

வாதம் என்ற சொல் வெளியே போனதும் ஊர் முழுவதும் வைத்தியராயிற்று. ஒழுங்கையின் முதலாம் வீட்டு மாமி நொச்சியிலையை அவித்து ஆவி பிடிக்கச் சொன்னார். அடுத்த வீட்டு ஆச்சி ஆமணக்கிலையில் நல்லெண்ணெய் தடவி வாட்டி மூட்டிற் கட்டினார். மூன்றாம் வீட்டிலிருந்து முடக்கொத்தான் வந்தது. அதை மிளகும் உள்ளியும் சேர்த்து இரசம் வைத்துக் குடிக்க வேண்டும், முடக்கை அறுப்பதாலேயே அதற்கு அந்தப் பெயர் என்று விளக்கமும் கூடவே வந்தது. கோயிலடியில் நின்ற வாதநாராயணியை வாதமடக்கி என்பார்கள். அதன் இலை வறையாயிற்று. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம், தவிட்டை வறுத்து ஒத்தடம், மணலை வறுத்து ஒத்தடம். உருளைக்கிழங்கு, பருப்பு, பலாக்காய் யாவும் வாயு என்று விலக்கப்பட்டன. மீனில் இன்னது ஆகும், இன்னது ஆகாது என்பதில் மாமிக்கும் ஆச்சிக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. இருவர் சொல்லையும் மதித்துத் தாயார் மீனையே விட்டார். மெலிந்ததுதான் மிச்சம்.

இவற்றைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. வெந்நீரும் ஒத்தடமும் இறுகிய மூட்டுக்கு இதம் தருவன என்பதை மேனாட்டு வைத்தியரும் மறுப்பதில்லை. அதைவிட, கூலிக்குப் போய் வந்து தனது முழங்காலையே பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவி இன்னொருத்தியின் கையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிடுவதை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்த நேரம் தாயாரின் முகத்திற் கண்ட ஆறுதலை நாம் பின்னர் எந்த வைத்தியசாலையிலும் காணவில்லை. ஆனால் ஆறுதல் வேறு, நோயின் போக்கைத் தடுப்பது வேறு. இந்த வேறுபாட்டை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

அறியாமையைவிடப் பெரிய குற்றமொன்று நம்மிடம் இருந்தது. அது கல்விச் செருக்கு. சித்த மருத்துவத்தில் யூகி முனிவரின் பெயரால் வழங்கும் நூல் வாதநோயை எண்பதாக வகுக்கிறது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் எமக்கே உரியவை. இவற்றைப் புரட்டிப் பார்த்திருந்தோம். செய்யுளைப் பொருள்கொள்ளத் தெரிந்ததை நோயைப் பொருள்கொள்ளத் தெரிந்ததாக எண்ணிவிட்டோம். ஆசிரியர் ஓய்வறையில் மேனாட்டு மருந்துக் கம்பனிகளின் இலாபவேட்டையைப் பற்றி நாம் முழங்காத நாளில்லை. முழங்கியதிற் பொய் இல்லை. ஆனால் ஒரு வியாபாரி பொய்யன் என்பதனால் அவனுடைய எதிர்க்கடைக்காரன் அரிச்சந்திரனாகிவிடுவானா? இந்தச் சிறு தருக்கத்தை, தருக்கப் பிழைகளை மாணவர் கட்டுரைகளிற் சிவப்பு மையாற் சுழிக்கும் நாம் எண்ணிப்பார்க்கவில்லை.

இடையில் ஒரு தடவை வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்துச் சென்றதையும் சொல்ல வேண்டும். அன்று நீண்ட வரிசை. வைத்தியர் தலை நிமிராமல் கேட்டார். தாயார் முழங்காலையும் சேர்த்துச் சொன்னார். “நிலத்தில குந்தக்கூடாது, சரியா?” என்று கூறி நோவுக்குளிசை எழுதினார். வெளியே வந்த தாயார் சிரித்தார். “குந்தாமல் எப்பிடியடா தம்பி புல்லுப் பிடுங்கிறது?” கையை நீட்டிப் பார்க்காத வைத்தியர் மீது நமக்கு ஆத்திரம். ஆனால் அந்த அறையின் வாயிலில் இன்னும் எழுபது, எண்பது பேர் நின்றார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆத்திரத்தோடு வீடு வந்த நாம், இனி எமது மரபே எமக்குக் கதி என்று முடிவு செய்தோம்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. கிளினிக்குகள் குழம்பின, பஸ் இல்லை. அந்த நாள்களிலேதான் நண்பரொருவர் மூலமாக அந்தப் பொடி கிடைத்தது. முகவரியற்ற கடுதாசிப் பொட்டலம். முழுக்க முழுக்க மூலிகை, முன்னோர் முறை என்ற வாசகம் மட்டும் அச்சிட்டிருந்தது. விலை நமது சம்பளத்திற்கும் உறைத்தது. மூன்றாம் நாட்காலை எழுந்து அடுப்படிக்குப் போனபோது தாயார் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். வாசகர்கள் நம்ப வேண்டும், நமக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஐந்து மாதமாகத் தேங்காய்ப் பாதியைப் பிடிக்க முடியாதிருந்த கை அது. ஓய்வறை நண்பர்களுக்குத் தொலைபேசியிற் சொன்னோம். ஒருவர் தன் மாமியாருக்கும் வாங்கினார். அந்தப் பாவமும் நமது கணக்கில் இருக்கிறது.

மாதங்கள் சென்றன. தாயாரின் முகம் உருண்டு வந்தது. “கொழுத்து வடிவா இருக்கிறியள்” என்றனர் அயலவர். கன்னம் உப்ப, கைகால்கள் மெலிந்தன. தோலிற் சிறு தட்டுப்பட்டாலும் நீலம் பாய்ந்தது. ஒருநாட் பரிசோதித்தபோது சீனி ஏறியிருந்தது. எதையும் எதோடும் நாம் பொருத்திப் பார்க்கவில்லை. 2021 தொடக்கத்திற் பொடி விற்றவரின் தொலைபேசி பேசாமற் போயிற்று, மருந்து முடிந்தது. ஐந்தாம் நாள் காலை தாயார் எழும்பவில்லை. வாந்தி, மயக்கம், அழுத்தம் விழுந்துவிட்டது. முச்சக்கரவண்டியில் அவருடைய தலையை நமது மடியில் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போன அந்தப் பாதையின் ஒவ்வொரு பள்ளமும் இன்றும் நினைவிருக்கிறது.

அங்கே கடமையிலிருந்த இளம் வைத்தியர் முதலிற் கேட்டது, “வேற ஏதும் மருந்து எடுத்தவவோ?” என்பது. நாம் இல்லை என்றோம். தமிழாசிரியர் ஒருவர் உயிராபத்தான வேளையிற் பொய் சொன்னார் என்பதை இந்தப் பக்கத்தில் எழுதிவைக்கிறோம். வெட்கத்தினாற் சொன்ன பொய். சிறிது நேரத்தில், நினைவு தெளிந்த தாயாரே கட்டிலிற் கிடந்தபடி, “பொடி ஒண்டு குடிச்சனான் பிள்ளை” என்றார். வைத்தியருக்கு உடனே விளங்கிற்று. பொட்டலம் தீர்ந்திருந்தமையால் அதற்குள் இருந்தது இன்னதென்று சோதித்து நிறுவ முடியவில்லை. ஆயினும் மூன்றே நாளிற் கிடைத்த சுகம், உருண்ட முகம், ஏறிய சீனி, நிறுத்தியதும் விழுந்த அழுத்தம் யாவும் ஒன்றையே சுட்டின: மூலிகையின் பெயரால் ஸ்டீரொயிட் விற்கப்பட்டிருந்தது. இம்மருந்தை நெடுங்காலம் உட்கொண்டால் உடல் தனது சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் இரண்டும் இல்லாமற் போய் உயிருக்கே மோசம் வரும். அதனாற்றான் வைத்தியர்கள் அதைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

இந்த மருந்தின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டுவாதக்காரருக்குச் செங்கமாரி வந்தால் மூட்டுநோ தணிவதையும், கருவுற்ற பெண்களுக்கு அது தணிவதையும் பல்லாண்டுகளாகக் கவனித்து வந்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இதற்குக் காரணமென்று ஊகித்தார். 1948 செப்டெம்பரில், பின்பு கோற்றிசோன் எனப் பெயர்பெற்ற பொருளை ஓர் இளம்பெண்ணுக்கு ஊசிமூலம் ஏற்றினார். எழும்ப முடியாது கிடந்த அப்பெண் சில நாள்களில் எழுந்து நடந்தாள். 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்கிடையிலேயே முகம் உருள்வதும், எலும்பு மெலிவதும், நிறுத்தினால் நோய் திரும்புவதும் தெரியவந்துவிட்டன. எமது அடுப்படியில் நாம் கண்டு கண்ணீர் விட்ட அற்புதமும் அதே 1948ஆம் ஆண்டு அற்புதந்தான். மேனாட்டு மருந்தை வெறுத்த நாம், மேனாட்டு மருந்தையே அளவின்றி, மேற்பார்வையின்றி, இரட்டை விலைக்கு, முன்னோர் முறையென்று வாங்கித் தாய்க்குக் கொடுத்தோம்.

உடல் தேறியதும் மூட்டுநோய்க் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் வைத்தியர் தாயாரின் கைகளைத் தன் கைகளில் வாங்கி, விரல் மொழி ஒவ்வொன்றையும் மெல்ல அழுத்தினார். காலையில் எத்தனை மணிநேரம் இறுகியிருக்கும் என்று கேட்டார். எமது நீண்ட அலைச்சலில் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுவே முதற்றடவை. இரத்தம் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். நாம் வாதம் என்று ஒரே சொல்லாற் சொன்னவை இரண்டு நோய்கள். முழங்காலில் இருந்தது தேய்வு. மூட்டெலும்புகளின் முனையிலுள்ள குருத்தெலும்பு, குந்தியும் மண்டியிட்டும் செய்த வேலையால் ஆண்டாண்டாகத் தேய்ந்திருந்தது. விரல்களில் இருந்தது வேறு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி தவறுதலாக மூட்டின் உட்சவ்வையே பகையென்று தாக்குவது. முடக்குவாதம் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களையே அது கூடுதலாகப் பிடிக்கிறது. தொடக்கத்திலேயே தடுத்தால் மூட்டைக் காப்பாற்றலாம். அரித்த எலும்பு மீளாது. ‘தொடக்கத்திலேயே’ என்ற சொல்லை வைத்தியர் சாதாரணமாகச் சொன்னார். நமக்கு அது சாதாரணமாகக் கேட்கவில்லை.

மெதோற்றெக்சேற் என்னும் குளிசையை எழுதித் தந்தார்கள். முதலிற் புற்றுநோய்க்கெனப் பயன்பட்ட மருந்து. மூட்டுவாதத்துக்கு மிகச் சிறிய அளவிற் கொடுப்பது. கிழமையில் ஒருநாள் மட்டுமே விழுங்க வேண்டும், தினந்தோறும் விழுங்கினால் நஞ்சு என்று தாதி மூன்று தடவை சொல்லி, நமது வாயாலும் சொல்லுவித்தார். வேறொரு நாளில் போலிக் அமிலம். ஈரலையும் இரத்தத்தையும் இடைக்கிடை சோதிக்க வேண்டும். பொடியைப்போல் மூன்றாம் நாள் தேங்காய் திருவ வைக்காது. ஆறு, எட்டுக் கிழமை பொறுக்க வேண்டும். தாயார் பொறுத்தார். மூன்றாம் மாதத்திற் காலை இறுக்கம் அரைமணி நேரமாகக் குறைந்தது. ஆனால் வளைந்துவிட்ட இரண்டு விரல்கள் வளைந்தபடியே இருக்கின்றன.

சித்த வைத்தியரொருவரையும் கண்டு நடந்ததைச் சொன்னோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றவர். நம்மைவிட அவருக்கே கோபம் கூடுதல். “எங்கட பேரைச் சொல்லி விக்கிறாங்கள், மாஸ்ரர். மருந்து குடுக்கிறவன் நாடி பிடிச்சவனோ? பேர் போட்டவனோ?” என்றார். முழங்காலுக்குப் பூசத் தைலம் தந்தார். கிளினிக் குளிசையை நிறுத்தக்கூடாதென்று கட்டளையும் இட்டார். மரபைக் காப்பவர் யார், மரபை விற்பவர் யார் என்பது நமக்கு அன்றுதான் தெளிந்தது.

2022இல் நாடே வங்குரோத்தானபோது கிளினிக்கின் மருந்தறையிலும் தட்டுகள் வெறுமையாயின. குளிசைக்கு வெளியே ஓடினோம். எரிபொருளில்லாத நாள்களில் சைக்கிளில் நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கினோம். நமக்குச் சம்பளம் இருந்தது. அதே கிளினிக்கின் வாங்கில் தாயாருக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத் தோழிகளுக்கு அது இல்லை. அவர்களுள் ஒருவர் மூன்று மாதம் மருந்தின்றி இருந்து, பிறகு ஊன்றுகோலோடு வந்தார். இலவச வைத்தியம் என்பதை நாம் கூட்டங்களிற் சாதனையென்று பேசுவதுண்டு. அது சாதனைதான். அந்த ஊன்றுகோலைக் கண்டபின் நமக்கு அது காக்கப்பட வேண்டிய சொத்தாகத் தெரிகிறது.

வகுப்பறையிற் சங்கப் பாடல்களை விளக்கும்போது பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமிக்கும் மரபைச் சொல்வது வழக்கம். கார்த்திகையில் வேலிகளிற் பூக்கும் கார்த்திகைப்பூவே அக்காந்தள். சிவந்து மெலிந்து வளைந்த அதன் இதழ்களை மாணவர் உடனே கண்ணிற் காண்பர். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. வற்றாளங்கிழங்கென்று மயங்கி உண்டு இறந்தோர் இந்நாட்டில் உளர். அந்த நஞ்சிலேயே கொல்சிசின் என்ற பொருள் இருக்கிறது. யூரிக் அமிலம் மூட்டிற் படிவதால் வரும் வேறொரு வாதத்துக்கு, அளந்து கொடுத்தால், அது மருந்து. எந்தக் கிழங்கு, எந்த நோய், எவ்வளவு என்ற மூன்று கேள்விகளே நஞ்சையும் மருந்தையும் பிரிக்கின்றன. சென்ற ஆண்டு இதனை வகுப்பிற் சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைத்தது. உவமேயமாக வீட்டிலிருந்த விரல்களை நினைத்துவிட்டோம். அந்த விரல்களும் காந்தள் இதழ்போலத்தான் வளைந்திருக்கின்றன.

தாயார் எத்தனையோ பருவங்கள் கூலிக்குக் குந்திய தோட்டத்தின் சொந்தக்காரர் மனைவிக்கும் முழங்கால் தேய்வு. அவர் கொழும்பிலே தனியார் வைத்தியசாலையொன்றில் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு திருவிழாவுக்கு நடந்து வந்தார். நல்ல பெண்மணி, தாயாரைக் கண்டு, “நீயும் செய்விக்கலாந்தானே?” என்று அன்போடு கேட்டார். தாயாருக்குச் சேமலாப நிதியில்லை, ஓய்வூதியமில்லை. முப்பதாண்டு உழைப்புக்குச் சான்றாக அவரிடம் இருப்பன அந்த இரு முழங்கால்களே. அரசினர் வைத்தியசாலையில் அச்சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்திருக்கிறோம். முறை வரும் நாளுக்குக் காத்திருக்கிறார்.

சென்ற கிழமை ஒழுங்கையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். புல்லுப் பிடுங்கப் போகிறவள். கைவிரல்கள் காலையில் மடங்குதில்லையாம். ஆச்சிக்கு முன்னர் சுகமாக்கிய அந்தப் பொடி எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். தாயார் அவளைத் திண்ணையில் தன் பக்கத்தில் இருத்தி, அவளுடைய கையை வாங்கித் தனது வளைந்த விரல்களால் மொழி மொழியாக அழுத்திப் பார்த்தார். “எவ்வளவு நேரம் பிள்ளை இறுகி இருக்குது?” என்று கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, “தம்பி, கிளினிக் எந்த நாளெண்டு இவளுக்கு ஒரு துண்டில எழுதிக் குடு” என்றார்.